அண்டை மன்றங்கள் கூட்டாகச் செயல்படுவது: ஒப்பந்தத்தில் முதலில் எழுத வேண்டியது எது?

எல்லைக்கல் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் ஐந்து உள்ளாட்சி மன்றங்கள் சேர்ந்து ஒரு கூட்டு வாரியம் அமைப்பதாகக் கொள்கையளவில் முடிவெடுத்திருக்கின்றன. அதற்கான ஒப்பந்த வரைவை எழுதும் பொறுப்பு நான் பணியாற்றும் அலுவலகத்திடம் வந்திருக்கிறது. ஐந்தில் ஒன்று நகராட்சி. மொத்த மக்கள் தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கே வாழ்கிறார்கள். மற்ற நான்கும் சிறியவை. அவற்றில் இரண்டுக்குச் சொந்தப் பொறியாளர்கூட இல்லை. குப்பையைச் சேகரித்துச் செயலாக்குவது, எல்லை தாண்டிச் செல்லும் சாலைகளைப் பராமரிப்பது, புதிய தொழிற்பேட்டைக்கு இடம் தேர்வது ஆகிய மூன்றும் வாரியத்தின் பணிகளாக இருக்கும்.

இப்போதுள்ள வரைவில் நோக்கங்களுக்கும் நல்லெண்ணத்துக்கும் மூன்று பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பணத்தைப் பற்றி அரைப் பக்கமே இருக்கிறது. இதுதான் என் கவலை. சில ஆண்டுகளுக்கு முன் இதே மன்றங்களில் மூன்று சேர்ந்து கழிவுநீர் உறிஞ்சும் லாரி ஒன்றை வாங்கின. யார் எவ்வளவு தருவது என்பது ஒரு கூட்டத்தில் வாய்ச்சொல்லாகப் பேசப்பட்டது. நடவடிக்கைக் குறிப்பேட்டில் "செலவு சமமாகப் பகிர்ந்துகொள்ளப்படும்" என்ற ஒற்றை வரி மட்டும் ஏறியது. இரண்டாம் ஆண்டில் ஒரு மன்றம் தன் பங்கைக் கட்டவில்லை. தங்கள் பகுதிக்கு லாரி மாதத்தில் நான்கு நாள்தான் வருகிறது என்பது அவர்கள் வாதம். அது பொய்யும் அல்ல. லாரி இன்று ஓடாமல் நிற்கிறது, மக்கள் தனியார் வண்டிக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த லாரியை வாங்கியே ஆக வேண்டும் என்று வாதாடியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இந்த வரைவை அதே போல விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

இத்தகைய வாரியங்களில் பணியாற்றியவர்களும், பிற நாடுகளின் ஏற்பாடுகளைப் படித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். எந்தப் பிரிவை முதலில் எழுத வேண்டும், எதை எழுதாமல் விட்டால் பின்னால் உடையும் என்று சொல்ல வேண்டுகிறேன்.

கணக்கேடு

கூட்டுக் குப்பை மேலாண்மை வாரியம் ஒன்றில் 11 ஆண்டுகள் கணக்கு அலுவலராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். செலவுப் பங்கீட்டை முதலில் எழுதுங்கள். நோக்கங்களைக் கடைசியில் எழுதினால் போதும்.

"சமமாக" என்ற சொல்லும் "மக்கள் தொகைக்கு ஏற்ப" என்ற தொடரும் கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் ஒரு வாரியத்தின் செலவு ஒரே இயல்புடையது அன்று. இடத்துக்கான கடன், கட்டடம், இயந்திரம், நிரந்தரப் பணியாளர் ஊதியம் ஆகியவை குப்பை வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு. டீசல், தினக்கூலி, போக்குவரத்து ஆகியவை எடைக்கு ஏற்பக் கூடிக் குறையும். இவ்விரண்டையும் ஒரே விகிதத்தில் பங்கிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்காகவே காட்டுகிறேன்.

ஐந்து மன்றங்களும் ஆளுக்கு 20 டன் அனுப்புவதாகவும், மொத்தச் செலவு 100 பங்கு என்றும், அதில் 60 நிலையான செலவு, 40 எடைக்கு ஏற்ப மாறும் செலவு என்றும் வைத்துக்கொள்வோம். முழுவதையும் எடையின்படி பங்கிட்டால் ஒவ்வொரு மன்றமும் 20 பங்கு கட்டும். இப்போது ஒரு மன்றம் வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்கச் செய்து தன் அளவை 10 டன்னாகக் குறைக்கிறது. மொத்த எடை 90 டன் ஆகிறது. மாறும் செலவில் 4 பங்கு குறைந்து, மொத்தச் செலவு 96 ஆகிறது. நல்ல காரியம் செய்த மன்றம் இனி 10.67 கட்டினால் போதும். மற்ற நான்கு மன்றங்களும் தாங்கள் எதையும் மாற்றாமல் இருந்தும் ஆளுக்கு 21.33 கட்ட வேண்டும். வாரியத்துக்கு மிச்சமானது 4 பங்கு. அந்த மன்றத்துக்கு மிச்சமானதோ 9.33. இடைவெளியை நிரப்புவது மற்ற நான்கு மன்றங்களின் பணம். எங்கள் வாரியத்தில் மூன்று ஆண்டுகள் நடந்த சண்டைக்கு இதுவே காரணம். இதைப் புரியவைக்க யாரும் முயலாததால் அது ஊர்ப் பகையாகவே பேசப்பட்டது.

நிலையான செலவைத் தனியாக எடுத்து ஆளுக்கு 12 என்றும், மாறும் செலவை டன்னுக்கு 0.4 என்றும் எழுதினால், குறைத்த மன்றம் 16 கட்டும், மற்றவை பழையபடி 20 கட்டும். உண்மையில் மிச்சமான 4 பங்கும் அதை மிச்சப்படுத்தியவருக்கே போய்ச் சேரும். (உங்கள் மன்றங்கள் அளவில் வேறுபட்டவை என்பதால் நிலையான பகுதியை மக்கள் தொகைப்படி பிரிக்கலாம், ஆனால் எந்தக் கணக்கெடுப்பு, எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.)

இன்னொன்று தேய்மான நிதி. முதல் நான்கு ஆண்டுகள் எல்லா வண்டிகளும் புதியவை, எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். ஏழாம் ஆண்டில் மூன்று வண்டிகளை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டி வரும்போது எந்த மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்திலும் அதற்கு இடம் இருக்காது. ஆண்டுதோறும் ஒரு தொகை தனிக் கணக்கில் போடப்பட வேண்டும் என்றும், வாரியமே முடிவெடுத்தாலும் அதை வேறு செலவுக்கு எடுக்கக் கூடாது என்றும் எழுதிவிடுங்கள்.

பணம் கட்டாத மன்றத்தை என்ன செய்வது என்பதற்குப் பிரேசிலின் 2005-ஆம் ஆண்டுப் பொதுக் கூட்டமைப்புச் சட்டத்தைப் பார்க்கலாம். அங்கே உறுப்பு நகராட்சிகள் செலவுப் பங்கீட்டுக்கென்று தனி ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. அது ஆண்டு வரவு செலவுத் திட்டத்தோடு இணைந்து போகிறது. தன் பங்குக்குப் போதிய தொகையை ஒதுக்காத நகராட்சியை முதலில் இடைநிறுத்தவும், பிறகு நீக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஒதுக்கீடு செய்யாததையே பிழையாகக் கருதுவதால், நிலுவை பெருகும் வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

தனிமன்றம்

கணக்கேடு அவர்களின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அவர் தொட்டிருப்பது பணம் கட்டும் மன்றங்களுக்கு இடையேயான நியாயத்தை. அந்த மன்றங்களைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கும் வாரியத்துக்கும் என்ன உறவு என்பதை இதுவரை யாரும் கேட்கவில்லை.

நான் இரண்டு முறை வார்டு உறுப்பினராக இருந்தேன். எங்கள் மன்றம் ஒரு கூட்டு அமைப்பில் சேர்ந்த பிறகு, குப்பை வண்டி வரவில்லை என்று வீட்டுக்கு வந்து முறையிட்டவர்களிடம் நான் தர முடிந்த ஒரே பதில், "அது வாரியத்தின் பொறுப்பு" என்பதுதான். வாரியத்தில் எங்கள் சார்பாக ஒருவர் இருந்தார். அவர் அங்கே என்ன பேசினார், எப்படி வாக்களித்தார் என்பது எங்கள் மன்றத்துக்கே ஐந்து மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. எனக்கு வாக்களித்தவர்கள் என்னை மாற்றலாம். வாரியத்தை அவர்கள் என்ன செய்ய முடியும்?

இது புதிய சிக்கல் அன்று. லண்டனில் 1855-இல் அமைக்கப்பட்ட பெருநகரப் பணிகள் வாரியத்தின் உறுப்பினர்களைத் அந்நாளைய உள்ளாட்சி அமைப்புகளான திருச்சபை வட்ட மன்றங்களும் மாவட்ட வாரியங்களுமே தேர்ந்தனுப்பின. மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த வாரியம் மிகப் பெரிய காரியம் செய்தது. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் நாடாளுமன்றத்தையே முடக்கிய பிறகு, அதன் தலைமைப் பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் வடிவமைத்த கழிவுநீர்க் கால்வாய்களைக் கட்டியது அதுதான். இருந்தும், முடிவுகள் மக்களின் பார்வைக்கு அப்பால் எடுக்கப்பட்டதும் ஊழல் புகார்களும் அதன் பெயரைக் கெடுத்தன. 1889-இல் நேரடித் தேர்தலால் அமைந்த லண்டன் கவுன்டி மன்றம் அதன் இடத்தைப் பிடித்தது. பணியைச் செவ்வனே செய்தது என்பது ஒரு வாரியத்துக்குப் போதுமான பாதுகாப்பு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நெதர்லாந்தில் கூட்டு ஏற்பாடுகளுக்கான சட்டத்தை 2022-இல் திருத்தியபோதும் இதே குறையைத்தான் சரிசெய்ய முயன்றார்கள். கூட்டு அமைப்பின் வரவு செலவு வரைவு குறித்து உறுப்பு நகராட்சி மன்றங்கள் கருத்துச் சொல்வதற்கான காலம் 8 வாரங்களிலிருந்து 12 வாரங்களாக நீட்டிக்கப்பட்டது. சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் மாதம் ஒருமுறை கூடும் மன்றத்துக்கு 8 வாரம் என்பது ஒரே ஒரு கூட்டமாகவும் சுருங்கிவிடக்கூடும்.

கடைசியாக ஒன்று. கூட்டுச் சேர்ந்தால் செலவு குறையும் என்பதை மெய்ப்பிக்கப்பட்ட உண்மையாக யாரும் வரைவில் எழுத வேண்டாம். ஜெர்மா பெல், மில்ட்ரெட் வார்னர் ஆகிய இரு ஆய்வாளர்களும் 2015-இல் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குப்பை மேலாண்மையில் சேமிப்புக்கான சான்று ஓரளவு வலுவாகவும், மற்றப் பணிகளில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாததாகவும் இருந்தது. சாலைப் பராமரிப்பில் சேமிப்பு வரும் என்று மக்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, அது வராதபோது வாரியமே ஏமாற்று என்ற பெயர் வரும்.

ஆற்றோரம்

தனிமன்றம் அவர்கள் சொல்லும் அச்சம் எனக்கும் உண்டு. ஆனாலும் தனியாக இருப்பது எப்போதும் நம் கையில் உள்ள தேர்வு அன்று என்பதையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். தண்ணீருக்கு மன்ற எல்லை தெரியாது. மேலே உள்ள மன்றம் தன் வாய்க்காலைச் சிமெண்ட் தளமிட்டு நேராக்கினால் அதற்கு வெள்ளம் விரைவாக வடிந்துவிடும். கீழே உள்ள மன்றத்துக்கு அதே வெள்ளம் இன்னும் வேகமாக வந்து சேரும். இரண்டு மன்றங்களும் தத்தம் எல்லைக்குள் தவறேதும் செய்யவில்லை; இருந்தும் ஒரு தெரு மூழ்குகிறது.

ஜெர்மனியின் ரூர் பகுதியில் எம்ஷர் ஆற்றங்கரை நகரங்கள் இதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எதிர்கொண்டன. நிலக்கரிச் சுரங்கங்களால் நிலம் ஆங்காங்கே தாழ்ந்துகொண்டே இருந்ததால் பூமிக்கடியில் மூடிய கழிவுநீர்க் குழாய்களைப் பதிக்க முடியவில்லை. ஆறே திறந்த சாக்கடையாக மாறியது. எந்த நகரமும் தனியாகத் தீர்க்க முடியாத நிலையில், நகராட்சிகளும் சுரங்க நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் 1899-இல் ஒரு கூட்டுறவு அமைப்பை நிறுவின. 1904-இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. யார் எவ்வளவு கழிவைச் சேர்க்கிறாரோ, யார் எவ்வளவு பயன் பெறுகிறாரோ அதற்கேற்பக் கட்டணம் என்பது அதன் அடிப்படை. சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து நிலம் தாழ்வது நின்ற பிறகு, 1990-களில் அதே அமைப்பு ஆற்றை மீட்கும் பணியைத் தொடங்கி, மூடிய கால்வாய்களைக் கட்டி, 2021-இன் இறுதியில் எம்ஷரைக் கழிவுநீரற்ற ஆறாக்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு கூட்டு அமைப்பு உயிரோடு இருந்ததால்தான், தான் தொடங்கிவைத்த கேட்டைத் தானே நீக்கும் வாய்ப்பு அதற்குக் கிடைத்தது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

உங்கள் வரைவில் சாலை இருக்கிறது. சாலையோர வடிகால் இருக்கிறதா? இல்லையென்றால் சேருங்கள். வெள்ள நீரைத் தேக்கிவைக்க நிலம் விட்டுக்கொடுக்கும் மேல் மன்றத்துக்குக் கீழ் மன்றங்கள் ஆண்டுதோறும் ஈடு தர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். விட்டுக்கொடுப்பவருக்குக் கிடைப்பது பாராட்டுத் தீர்மானம் மட்டும்தான் என்றால், அடுத்த தலைவர் அந்த நிலத்தில் மனை போட்டுவிடுவார்.

எல்லைக்கல்

மூவருக்கும் நன்றி. கணக்கேடு அவர்களின் இரண்டு பகுதிப் பங்கீட்டை அப்படியே வரைவில் எடுத்துக்கொள்கிறேன். வடிகால் வரைவில் இல்லை; ஆற்றோரம் அவர்கள் சொன்ன பிறகுதான் விடுபட்டதை உணர்ந்தோம்.

இப்போது மிகப் பெரிய முட்டுக்கட்டை தொழிற்பேட்டை. இரண்டு மன்றங்கள் அதைத் தங்கள் எல்லைக்குள் கொண்டுவர முயல்கின்றன. ஒன்று சொத்து வரியில் பத்தாண்டுச் சலுகை தருவதாக ஒரு நிறுவனத்திடம் சொல்லிவிட்டது. மற்றது அதைவிடக் கூடுதலாகத் தரத் தயாராகிறது. எங்கே அமைந்தாலும் சரக்கு லாரிகள் மூன்றாவது மன்றத்தின் சாலை வழியாகத்தான் போக வேண்டும். அந்த மன்றத்துக்கு வரியில் ஒரு காசும் வராது, சாலை மட்டும் கெடும்.

வரைபடம்

நகர் ஊரமைப்புத் துறையில் பணியாற்றுகிறேன். இந்தப் போட்டியில் இடத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு குறைவு. வரி வருவாய் ஒரே எல்லைக்குள் சேர்வதுதான் சிக்கல். ஆகவே இடத் தேர்வுக் குழுவை எவ்வளவு நேர்மையாக அமைத்தாலும், வருவாய் பகிரப்படாத வரை ஒவ்வோர் உறுப்பினரும் தன் மன்றத்துக்காகவே வாதாடுவார்; அவர் அப்படித்தான் செய்ய வேண்டும், அதற்காகத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் மினியாபொலிஸ், செயின்ட் பால் ஆகிய இரட்டை நகரங்களைச் சுற்றியுள்ள ஏழு கவுன்டிகளுக்கென (மாவட்டம் போன்ற பிரிவுகள்) 1971-இல் ஒரு சட்டம் இயற்றியது. வழக்குகளைக் கடந்து அது 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, 1971-க்குப் பிறகு ஒவ்வோர் உள்ளாட்சியிலும் வணிக, தொழில் சொத்துகளின் வரி அடிப்படை (வரி விதிக்கத்தக்க மதிப்பு) எவ்வளவு வளர்ந்ததோ, அந்த வளர்ச்சியில் 40 விழுக்காடு ஒரு பொதுத் தொகுப்புக்குப் போகிறது. மக்கள் தொகையையும் சொத்து வளத்தையும் கொண்டு அது மீண்டும் எல்லா உள்ளாட்சிகளுக்கும் பிரிக்கப்படுகிறது. தலைக்குச் சொத்து மதிப்புக் குறைவாக உள்ள ஊர் கூடுதலாகப் பெறுகிறது.

இதில் நான் மிகவும் மதிப்பது இரண்டு நுணுக்கங்களை. பழைய வருவாயில் கை வைக்காமல் வளர்ச்சியை மட்டும் பகிர்ந்ததால், இன்று கையில் இருப்பதை இழக்கிறோம் என்று யாரும் சொல்ல முடியவில்லை. அத்துடன் 60 விழுக்காடு வளர்ச்சி நடந்த ஊரிலேயே தங்குகிறது; தொழிற்சாலையின் இரைச்சலையும் நெரிசலையும் ஏற்பதற்கு ஒரு பயன் இருக்க வேண்டுமல்லவா? முழுவதையும் பொதுவாக்கியிருந்தால் எந்த ஊரும் தொழிற்சாலையை ஏற்க முன்வந்திருக்காது.

உங்கள் ஐந்து மன்றங்களும் ஒப்பந்த நாளை அடிப்படை ஆண்டாக வைத்து, தொழிற்பேட்டையிலிருந்து வரும் புதிய வரியில் ஒரு பகுதியைப் பொதுவில் வைக்கலாம். அதிலிருந்து முதல் உரிமை லாரிகள் ஓடும் சாலையின் பராமரிப்புக்கு இருக்கட்டும். வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் எந்த உறுப்பு மன்றமும் தனிச் சலுகை தரக் கூடாது என்ற தடையையும் உடன் எழுதுங்கள். ஆனால் முன்பே உறுதியளிக்கப்பட்ட பத்தாண்டுச் சலுகைக்கு எழுத்து வடிவம் இருக்கிறதா என்று உங்கள் சட்ட ஆலோசகர் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கான அரசமைப்பு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 74-ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 243 இசட்.டி. பிரிவு, மாவட்டத் திட்டக் குழுவின் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்களை மாவட்ட ஊராட்சியின், நகராட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே தங்களிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான இடத் திட்டமிடல், நீர்ப் பகிர்வு, உள்கட்டமைப்பு ஆகியவற்றைக் கருத்தில் கொண்டே வரைவு வளர்ச்சித் திட்டம் தயாரிக்கப்பட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வேறு நாட்டில் இருந்து படிப்பவர்கள் தங்கள் சட்டத்தில் இதற்கு இணையானது என்ன என்று தேடிப் பார்ப்பது பயன் தரும். ஐரோப்பிய உள்ளாட்சித் தன்னாட்சிச் சாசனம் 1985-லேயே மன்றங்கள் கூட்டுச் சேரும் உரிமையைத் தன் 10-ஆவது பிரிவில் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நெடுஞ்சாலை

எல்லாவற்றையும் படித்த பிறகு எனக்கு எழும் கேள்வி: இவ்வளவு பிரிவுகளையும் கணக்குகளையும் எழுதுவதைவிட ஐந்து மன்றங்களையும் இணைத்து ஒன்றாக்கிவிடலாமே? டென்மார்க் 2007-இல் 271 நகராட்சிகளை 98 ஆக்கியது. ஜப்பானில் 1999-இல் 3,232 ஆக இருந்த உள்ளாட்சிகள் 2010-இல் 1,727 ஆகின. ஒரே மன்றம், ஒரே வரவு செலவு, ஒரே தேர்தல் என்றால் தனிமன்றம் அவர்களின் பொறுப்புக்கூறல் சிக்கலும் தீர்ந்துவிடுகிறது.

தனிமன்றம்

தீராது, நண்பரே, இடம் மாறும், அவ்வளவே. இணைந்த மன்றத்தில் நகராட்சிப் பகுதிக்குப் பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருப்பார்கள். ஓரத்தில் உள்ள சிறிய ஊருக்கு ஒரே ஓர் உறுப்பினர் இருப்பார். இன்று அந்த ஊர் மக்கள் நடந்துபோய்ச் சான்றிதழ் வாங்கும் அலுவலகம் நாளை கிளை அலுவலகமாகும்; செலவைக் குறைக்க வேண்டும் என்ற முதல் தீர்மானத்தில் அந்தக் கிளையும் மூடப்படும்.

டென்மார்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீர்திருத்தம் 20,000 மக்கள் என்ற அளவை வைத்தபோது, அதற்குக் குறைந்தவை பக்கத்து நகராட்சியோடு இணைய வேண்டும், அல்லது குறிப்பிட்ட பணிகளுக்காகக் கட்டாயக் கூட்டுறவில் சேர வேண்டும் என்று இரண்டாவது வழியையும் திறந்துவைத்தது. ஃபானோ, லேசோ போன்ற சிறு தீவுகள் அந்த இரண்டாவது வழியைத் தேர்ந்து இன்றும் தனி நகராட்சிகளாக இருக்கின்றன. பிரான்சில் ஏறத்தாழ 35,000 கம்யூன்கள் (அங்குள்ள அடிப்படை உள்ளாட்சிகள்) இன்றும் கலைக்கப்படாமல் இருப்பதற்கும் இத்தகைய கூட்டுறவு வழி ஒரு காரணம். அங்கே 1890-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் கம்யூன்கள் ஒரு குறிப்பிட்ட பணிக்காகக் கூட்டுச் சேர வழி இருக்கிறது. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் சொந்த வரி அதிகாரமுள்ள கூட்டமைப்புகளுக்குப் பொதுவாக 15,000 மக்கள் என்ற குறைந்த அளவை வைத்து, மலைப்பகுதி போன்றவற்றுக்கு விலக்கும் தந்தது. ஊரின் பெயரும் மன்றமும் ஊரிடமே இருக்க, பெரிய பணிகள் மட்டும் மேலே போகின்றன. கூட்டுறவின் குறைகளை முதலில் சொன்னவன் நான்தான். ஆனால் இணைப்புக்கும் அதற்கும் நடுவே தேர்வு என்றால் திருத்தி எழுதப்பட்ட கூட்டுறவையே தேர்வேன்.

கணக்கேடு

தனிமன்றம் அவர்கள் சேமிப்பைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். எங்கள் வாரியத்தில் குப்பைக்குச் செலவு குறைந்தது. பிறகு தெருவிளக்கையும் சேர்த்தபோது குறையவில்லை, மேற்பார்வைப் பணியிடங்கள் கூடியதுதான் மிச்சம்.

வாக்கு மதிப்பைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. ஐந்து மன்றங்களுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு என்றால், செலவில் பாதிக்கு மேல் தரும் நகராட்சி நான்கு சிறிய மன்றங்களால் தோற்கடிக்கப்படும். மக்கள் தொகைப்படி வாக்கு என்றால் நகராட்சி தனியாகவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மற்ற நால்வரும் கூட்டத்துக்கு வருவதில் பொருளே இல்லை. பிரான்சில் கூட்டமைப்பு மன்றத்தில் ஒவ்வொரு கம்யூனுக்கும் குறைந்தது ஓர் இடம் உண்டு. எந்தக் கம்யூனுக்கும் மொத்த இடங்களில் பாதிக்கு மேல் கிடையாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1965 முதல் அமைந்த வட்டார மாவட்டங்களில் பொதுவான முடிவுகளுக்கு ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. வரவு செலவு, கடன் போன்ற பண முடிவுகளுக்கு மக்கள் தொகையைப் பொறுத்த வாக்கு. அத்துடன் ஒரு பணியில் சேராத ஊர் அதற்குப் பணம் தர வேண்டியதில்லை, அதன் நிர்வாகத்தில் வாக்களிக்கவும் முடியாது. உங்கள் மூன்று பணிகளையும் ஒப்பந்தத்தின் மூன்று தனிப் பின்னிணைப்புகளாகப் பிரித்து எழுதினால் ஒரு மன்றம் சாலையில் முரண்பட்டாலும் குப்பை தடைபடாது.

விலகும் பிரிவையும் இன்றே எழுதுங்கள். சேரும் நாளில் இதைப் பேசுவது அமங்கலம் என்று சிலர் நினைப்பார்கள்; எங்கள் முதல் கூட்டத்தில் ஒரு தலைவர் அப்படித்தான் சொல்லி அந்தப் பக்கத்தையே நீக்கச் செய்தார். ஒன்பதாம் ஆண்டில் அவருடைய மன்றமே விலக விரும்பியபோது, வாங்கிய கடனில் அவர்களுடைய பங்கு எவ்வளவு, இடத்தில் அவர்களுக்கு உரிமை உண்டா என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. நான் பணி ஓய்வு பெற்ற நாளில் அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே ஏற்ற கடன் பங்கு விலகிய பிறகும் தொடரும், கொடுத்த சொத்து திரும்பாது அல்லது இன்ன மதிப்பில் திரும்பும், அறிவிப்புக் காலம் இவ்வளவு என்ற மூன்றும் போதும்.

எல்லைக்கல்

நேற்று ஐந்து செயல் அலுவலர்களும் அமர்ந்து வரைவை முதலிலிருந்து மாற்றி எழுதினோம். நோக்கங்கள் ஒரு பத்தியாகச் சுருங்கிவிட்டன. மூன்று பணிகளும் மூன்று பின்னிணைப்புகளாகின்றன. சாலையோடு வடிகாலும் சேர்கிறது. வாக்கில், நகராட்சிக்கு 15-இல் 7. மற்ற நான்கு மன்றங்களுக்கும் ஆளுக்கு 2. நகராட்சி ஒரே ஒரு மன்றத்தையாவது இணங்கவைக்க வேண்டும். நால்வரும் ஒன்று சேர்ந்தால் நகராட்சியை மறுக்க முடியும். வரவு செலவு வரைவு ஐந்து மன்றங்களின் கூட்டப் பொருளிலும், வாரியம் முடிவெடுப்பதற்கு 12 வாரங்களுக்கு முன்பே வைக்கப்படும் என்றும், வாரியத்தில் நம் பிரதிநிதி எப்படி வாக்களித்தார் என்பது அடுத்த மன்றக் கூட்டத்திலேயே படிக்கப்படும் என்றும் எழுதியிருக்கிறோம். தனிமன்றம் அவர்களுக்கு இது போதாது என்று தெரியும். இந்தச் சுற்றில் எல்லோரையும் இணங்கவைக்க முடிந்தது இவ்வளவுதான்.

விலகும் அறிவிப்புக் காலத்தில்தான் இன்னும் இழுபறி. நகராட்சி மூன்று நிதியாண்டுகள் என்கிறது. சிறிய மன்றங்கள் ஒன்று என்கின்றன. தொழிற்பேட்டையின் புதிய வரியில் எத்தனை விழுக்காடு என்பதும் திறந்தே இருக்கிறது. மன்றத் தலைவர்கள்தான் பேச வேண்டும்.

கணக்கேடு

மாறும் செலவு டன் கணக்கில் என்று எழுதிவிட்டீர்கள். எடை மேடை எந்த மன்றத்தின் எல்லைக்குள் வருகிறது? அதன் பதிவேட்டை யார் எழுதுவார்?

எல்லைக்கல்

நகராட்சியின் கிடங்கில் வருகிறது. நகராட்சிப் பணியாளர்தான் எழுதுவதாக இருந்தது. சிறிய மன்றங்களிலிருந்து ஒருவரை மாதம் மாற்றி மாற்றி அங்கே அமர்த்தி, ஒவ்வொரு வண்டிக்கும் இருவர் கையெழுத்து என்று சேர்க்கிறேன். நாளைக் காலையே மற்ற நான்கு அலுவலகங்களுக்கும் திருத்தத்தை அனுப்பிவிடுகிறேன்.